கதை எழுத இலவசக் கையேடுகள்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

செங்கோட்டையிலிருந்து

காசு கட்டிச் சிறுகதைப் பட்டறைக்குப் போக வசதி இல்லாதவர்களுக்காக இதை ஆரம்பிக்கிறேன். இலவசக் கையேடுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 'பாத்திரப் படைப்புக்குப் பத்து வழிகள்' வகையறாவைப் படித்து முடித்ததும் ஏதோ சாதித்த நிறைவு வரும். கதையில் ஒரு வரிகூட நகர்ந்திருக்காது. ஆகவே என்னென்ன படித்தீர்கள் என்ற பட்டியல் வேண்டாம். எந்த யோசனை உங்கள் கதையில் எந்த இடத்தை மாற்றியது, அதைச் சொல்லுங்கள்.

என் பங்கு: ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886 மே மாதம் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதம். நிலா வெளிச்சத்தை வர்ணித்து நீட்ட வேண்டாம், அணைக்கரையில் ஒரு பாட்டில் சில்லு மின்னியதைச் சொல், நிலா தானாக வந்துவிடும் என்கிறார். நான் எழுதிக்கொண்டிருந்தது, புளியரை சோதனைச் சாவடியில் ராத்திரி முழுக்கக் காத்துக்கிடக்கும் லாரி கிளீனர் பையனைப் பற்றி. 'அவன் பயத்தில் நடுங்கினான்' என்றிருந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக, பெர்மிட் தாளை அவன் மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறான். மடிப்பில் தாள் கிழிந்துவிடுகிறது. எச்சில் தொட்டு ஒட்டப் பார்க்கிறான். அந்தக் காட்சியில் பயம் என்ற சொல்லே இப்போது கிடையாது.

களியக்காவிளையிலிருந்து

அண்ணாச்சி, எனக்கு உதவினது உரையாடல் யோசனைதான். எழுதினதை வாய்விட்டு வாசி என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். நான் அதைப் போனில் பதிவு பண்ணி, மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக் கேட்பேன். கதையில் வருகிற மாமியார் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினார். 'எப்போது வந்தாய், ஏதாவது சாப்பிட்டாயா?' என்று விளவங்கோடு பக்கம் எந்த மாமியார் கேட்பார்? 'எப்பம் வந்த மக்ளே, வல்லதும் தின்னியா?' என்று மாற்றினேன். அதற்கப்புறம் அந்த அம்மா நான் சொன்னபடி கேட்கவே இல்லை, அவங்க பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சிட்டாங்க.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கையேடுகளோடு எனக்குச் சண்டை. வட்டார வழக்கை அளவாகத் தொட்டுக்கொள், வாசகர் மிரண்டுவிடுவார் என்கின்றன. நம்ம தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். ஊர்ப் பேச்சை ஒளிக்காமல் எழுதினார், 1997-இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். யார் மிரண்டார்கள்? நான் வைத்திருக்கிற வரம்பு இவ்வளவுதான்: பாத்திரங்கள் ஊர்ப் பேச்சு பேசும், கதை சொல்கிறவர் பொதுத்தமிழில் சொல்வார். அடைப்புக்குறி போட்டுப் பொருள் சொல்ல மாட்டேன்.

நகரியிலிருந்து

அக்கா, உங்களுக்கு மலையாளம் கலந்த தமிழ், எங்களுக்குத் தெலுங்கு. எங்க விசைத்தறிக் கூடத்தில் ஒரே வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். அதை அப்படியே எழுதினால் மதுரைக்காரர் ரெண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். நான் சண்டைக் காட்சியில் மட்டும் அப்படி விடுகிறேன். கோபத்தில் கத்துவது எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

கையேடு என்றால், நவம்பரில் 50,000 சொல் எழுதும் NaNoWriMo என்ற அமெரிக்கச் சவாலின் குறிப்புகளை வைத்துக்கொண்டு முயன்றேன். 1999-இல் ஆரம்பித்தது, நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. முப்பது நாளுக்கு வகுத்தால் தினம் 1,667 சொல். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு அது ஆகிற காரியமா? அதோடு, இங்கே வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலச் சொற்கணக்கு நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. தினம் ஒரு பக்கம், நேற்று எழுதினதைத் திருத்தக் கூடாது என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டேன். நாவல் பாதி வந்திருக்கிறது. மூன்று அங்க அமைப்பு, நாயகனின் பயணம் என்று கையேடுகள் சொல்கிற கதைச் சட்டகங்கள் எதுவும் எனக்கு வேலைக்கு ஆகவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கையேடே வேண்டாமுங்க, கதையைப் படிங்க என்பது என் கட்சி. எங்க பக்கத்து நூலகத்தில் மலையாளம் பல அலமாரி, தமிழ் ஒரே ஒரு தட்டு. நான் தமிழ்க் கதை படித்ததெல்லாம் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலும்தான். மதுரைத் திட்டம் 1998-இலிருந்து இருக்கிறது, ஒரு பைசா செலவில்லை. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் தாராளமாகக் கிடைக்கின்றன. (அவர் 1948-இல் காலமானது நம்ம திருவனந்தபுரத்தில்தான்.)

செய்கிற முறையைச் சொல்றேன். ஒரு கதையைக் கையால் நோட்டில் நகல் எடுப்பேன், அவசரமில்லாமல். கண்ணால் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போன இடமெல்லாம் கை வலிக்கும்போது தெரியும்: இங்கே ஏன் பத்தியை முறித்தார், இந்தப் பாத்திரத்துக்கு ஏன் பெயரே வைக்கவில்லை, ஐந்து வருஷத்தை எப்படி ஒரே வரியில் தாண்டினார். முடிந்ததும் என் கதையை எடுத்து முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படிப்பேன். பெரும்பாலும் முதல் பத்தி இல்லாமலே கதை ஓடும். வெட்டிவிடுவேன்.

கம்பத்திலிருந்து

நான் எழுதுவது பேய் நாவல், இலக்கியக்காரர்கள் மன்னிக்கவும். அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் பல்கலைக்கழகத்தில் எடுத்த வகுப்புகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம்தான், வசனவரியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொடக்கத்தில் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடு, நடுவில் அதை நோக்கி நகர்வதாகக் காட்டு, கடைசியில் நிறைவேற்று என்பது அவர் பாடம். என் முதல் அத்தியாயத்தில் விடிகாலை ஜீப்பில் குமுளிக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். திரும்பும்போது ஜீப்பில் ஒரு ஆள் கூடுதல். நாவலோ அதற்கப்புறம் பங்களா முதலாளியின் காதல் பக்கம் போய்விட்டது. அந்த ஜீப் என்ன ஆனது என்று தம்பி கேட்டான். இப்போது ஒவ்வொரு மூன்றாவது அத்தியாயத்திலும் ஜீப் வருகிறது, ஆள் எண்ணிக்கையும் மாறுகிறது.

ஒரு எச்சரிக்கை: போன் நம்பர் கொடுத்தால்தான் பிடிஎஃப் இறங்கும் என்கிற 'இலவச' கையேடுகளைத் தொடாதீர்கள். ஒன்றுக்குக் கொடுத்தேன். உள்ளே நாலு பக்கம், மூன்றில் விளம்பரம். மறுநாளிலிருந்து ஒரே அழைப்பு, உங்கள் நாவலைப் புத்தகமாக்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று. கதையை ஒரு வரி படித்திருக்கவில்லை, அட்டைப்படத்துக்கு மட்டும் விலை சொல்கிறார்கள்.

செங்கோட்டையிலிருந்து

கம்பம் தம்பி, அந்த அழைப்பு எனக்கும் வந்தது; நம்பரைத் தடை செய்துவிடுங்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னபடி கிளீனர் கதையின் முதல் பத்தியை மறைத்துப் பார்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை, மேகம், மழை எல்லாம் போச்சு, பையன் நேராக லாரியிலிருந்து இறங்குகிறான். நகரித் தம்பி, அந்தச் சண்டைக் காட்சியை இங்கே போடுங்களேன். தெலுங்கு தெரியாத நாங்கள் எந்த வரியில் தடுக்கி விழுகிறோம் என்று சொல்கிறோம்.