இண்டர்ஃபெரான் லூசிஃபெரேஸ் சோதனை: கொரோனா வைரஸ் புரதம் எதைப் போட்டாலும் சிக்னல் இறங்குகிறது, எது நிஜம்?

கேள்வி

வணக்கம். எச்இகே293டி செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்வகை) இண்டர்ஃபெரான்-பீட்டா (வைரஸை எதிர்க்கச் செல் சுரக்கும் புரதம்) புரமோட்டர் லூசிஃபெரேஸ் சோதனை, 24 குழித் தட்டு. அந்த மரபணுவின் இயக்குவிசையான புரமோட்டர் இயங்கினால் லூசிஃபெரேஸ் நொதி ஒளி தரும். குழி ஒன்றுக்கு ரிப்போர்ட்டர் (அந்த லூசிஃபெரேஸைத் தரும் டிஎன்ஏ) 100 நானோகிராம், ரெனில்லா (ஒப்பீட்டுக்கான இரண்டாவது லூசிஃபெரேஸ்) 10, தூண்டுவதற்கு வைரஸ் ஆர்என்ஏவை உணரும் ரிக்-ஐ புரதத்தின் முன்பகுதி 50, சார்ஸ்-கோவ்-2 புரதப் பிளாஸ்மிட் (புரதத்துக்கான வளைய டிஎன்ஏ) 300. அந்த வைரஸின் புரதங்களான என்எஸ்பி1, என்எஸ்பி15, ஓஆர்எஃப்6 மூன்றுமே சிக்னலைக் குறைக்கின்றன. என்எஸ்பி1 போட்ட குழிகளில் ரெனில்லாவும் சேர்ந்து விழுகிறது. எது உண்மையான விளைவு, எது சோதனை முறையால் வருவது என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 1

ரெனில்லா விழுவதிலேயே பாதி விடை இருக்கிறது. என்எஸ்பி1-இன் வால்பகுதி, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் 40எஸ் துணையலகில் எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்முறை நகல்) நுழையும் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். செல்லின் எந்தப் புரதமும் சரியாக உற்பத்தியாகாது. லூசிஃபெரேஸும் அதில் அடக்கம். வைரஸின் சொந்த எம்ஆர்என்ஏக்கள் மட்டும், முன்முனையில் இருக்கும் முதல் தண்டு-வளைய அமைப்பின் தயவில் தப்பிக்கின்றன. ஆகவே லூசிஃபெரேஸை ரெனில்லாவால் வகுத்த விகிதத்தை நம்பாதீர்கள். பின்னணி அளவுக்கு இறங்கிய ஓர் எண்ணை அதேபோல் இறங்கிய இன்னொன்றால் வகுத்தால் வருவது இரைச்சல்தான். இரண்டின் மூல எண்களையும் தனித்தனியே பாருங்கள்.

கட்டுப்பாடாக 164-ஆம் லைசினையும் 165-ஆம் ஹிஸ்டிடினையும் அலனினாக மாற்றிய என்எஸ்பி1 கட்டாயம் வேண்டும். அதில் ரெனில்லா மீண்டால் நீங்கள் பார்த்தது ரைபோசோம் அடைப்பே. அளவையும் 300-இல் நிறுத்தாமல் 10, 30, 100 என்று ஏற்றிப் பாருங்கள். குறைகிற பங்கை வெற்று வெக்டரால் (வைரஸ் மரபணு இல்லாத பிளாஸ்மிட்) நிரப்பி மொத்த டிஎன்ஏவை மாறாமல் வையுங்கள்.

கூடவே இண்டர்ஃபெரான்-பீட்டா எம்ஆர்என்ஏவை க்யூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) அளந்து பாருங்கள், ஊடகத்தில் புரதத்தை எலைசாவில் (புரத அளவைக் காட்டும் சோதனை) அளந்து பாருங்கள். எம்ஆர்என்ஏ ஏறியும் புரதம் வராவிட்டால் அடைப்பு மொழிபெயர்ப்புக் கட்டத்தில். இங்கே இரண்டு கண்ணிகள். இந்த மரபணுவில் இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) கிடையாது, அதனால் ஒட்டிக்கொண்டு வரும் மரபணு டிஎன்ஏவும் சிக்னல் தரும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டே ஆகவேண்டும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழியும் வேண்டும். அடுத்தது, என்எஸ்பி1 செல்லின் எம்ஆர்என்ஏக்களைச் சிதைக்கவும் செய்யும். வழக்கமான ஒப்பீட்டு மரபணுவான ஜிஏபிடிஎச்-சைக் கொண்டு சமன்செய்தால் ஏமாறுவீர்கள். ரைபோசோமின் 18எஸ் ஆர்ஆர்என்ஏவை எடுங்கள்.

பதில் 2

ஓஆர்எஃப்6-க்குத் தூண்டுதலை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் புரதங்களின் பாதையில் ஒவ்வொரு படியாகக் கீழே நகர்த்துங்கள்: ரிக்-ஐ முன்பகுதி, மேவ்ஸ், டிபிகே1, கடைசியில் எப்போதும் செயல்நிலையில் இருக்கும் ஐஆர்எஃப்3-5டி (இண்டர்ஃபெரான் மரபணுவை இயக்கும் ஐஆர்எஃப்3 புரதத்தின் மாற்று வடிவம்). எந்தப் படியில் தூண்டினாலும் தடை தொடர்ந்தால், அது அந்தப் படியிலோ அதற்குக் கீழேயோ வேலை செய்கிறது. ஓஆர்எஃப்6 பெரும்பாலும் ஐஆர்எஃப்3-5டி வரை தடுக்கும். காரணம், அது அணுக்கருத் துளையில் உள்ள நப்98-ரே1 கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. இண்டர்ஃபெரான் செய்தியை அணுக்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்1 போன்றவை உள்ளே போக முடிவதில்லை. 58-ஆம் மெத்தியோனினை ஆர்ஜினினாக மாற்றினால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதே பிடி எம்ஆர்என்ஏ வெளியேறுவதையும் கெடுப்பதால், இங்கும் ரிப்போர்ட்டரை மட்டும் நம்பக்கூடாது. இண்டர்ஃபெரான் கொடுத்து 30 நிமிடம் கழித்து, ஸ்டாட்1 அணுக்கருவுக்குள் போகிறதா என்று ஒளிர்சாயத்தில் பாருங்கள். ஸ்டாட்1-இல் பாஸ்பேட் ஏறியும் (செயல்நிலைக்கு வந்தும்) அது வெளியிலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம்.

பதில் 3

என்எஸ்பி15 முடிவை நான் இப்போதைக்கு எழுதவே மாட்டேன். அது சிக்னல் பாதையை அடைக்கும் புரதம் அல்ல, தடயத்தை அழிக்கும் நொதி. வைரஸின் எதிரிழை ஆர்என்ஏவின் முன்முனையில் உள்ள பாலியு தொடரை (யு எழுத்து மட்டுமே வரும் வரிசை) வெட்டிக் குறைக்கிறது. வைரஸ் ஆர்என்ஏவைக் கண்டறியும் எம்டிஏ5 புரதம் உணர்வதற்கான பொருள் குறைகிறது. உங்கள் குழியில் வைரஸ் ஆர்என்ஏவே இல்லை, ரிக்-ஐ முன்பகுதிக்கு ஆர்என்ஏ தேவையும் இல்லை. அப்படியிருக்க எதை அது மறைக்கும்? 300 நானோகிராமில் ஒரு ஆர்என்ஏ வெட்டும் நொதி செல்லின் ஆர்என்ஏக்களைக் கடிப்பது எளிதில் நடக்கக்கூடியது. வினைமையத்து 235-ஆம் ஹிஸ்டிடினை மாற்றி ஒப்பிடுங்கள். அளவைக் குறைத்தால் விளைவு மறைகிறதா என்றும் பாருங்கள்.

மறைத்தல் வகை முழுக்கவே தனிப் புரதச் சோதனைக்குள் வராது. என்எஸ்பி3-உம் என்எஸ்பி4-உம் உருவாக்கும் இரட்டைச் சவ்வுக் குமிழ்களுக்குள் ஈரிழை ஆர்என்ஏ ஒளிந்திருப்பது, என்எஸ்பி14-உம் என்எஸ்பி16-உம் வைரஸ் எம்ஆர்என்ஏவின் முனையிலுள்ள தொப்பியில் மீத்தைல் ஏற்றி அதை நம்முடையது போலக் காட்டுவது, இவற்றையெல்லாம் தொற்று நடக்கும் செல்லில்தான் பார்க்க முடியும். எலிக் கொரோனா வைரஸில் என்எஸ்பி15-ஐ முடக்கினால் மேக்ரோஃபேஜ்களில் பெருக்கம் கடுமையாக விழுகிறது. செல்லின் வைரஸ்-எதிர்ப்புப் புரதங்களான பிகேஆர், ஆர்என்ஏஸ்-எல் இரண்டும் இல்லாத செல்லில் மீள்கிறது. இந்தப் புரதத்தின் வேலைக்கு அதுதான் சரியான சான்று.

கேட்டவர்

நன்றி. தொற்றுச் சோதனைக்கு வீரோ இ6 செல்கள் (குரங்குச் சிறுநீரகச் செல்வகை) போதுமா?

பதில் 3

போதாது. வீரோ செல்களில் வகை-1 இண்டர்ஃபெரான் மரபணுக்களே அழிந்துபோயிருக்கின்றன. தப்பிக்கும் திறன் இழந்த வைரஸும் அங்கே நன்றாக வளரும். வைரஸைப் பெருக்க வீரோ, விளைவை அளக்க மனித நுரையீரல் செல்வகைகளான கேலு-3 அல்லது ஏசிஇ2 (வைரஸ் பற்றி நுழையும் புரதம்) ஏற்றிய ஏ549. வேலை உயிர்ப்பாதுகாப்பு நிலை 3-இல். தொற்றிய 6 மணி நேரத்தில் மட்டும் அளந்துவிட்டு 'பதில்வினை இல்லை' என்று முடிக்காதீர்கள். 24, 48 மணி நேர அளவும் வேண்டும், இண்டர்ஃபெரான் பிந்தித்தான் எழும். நேர்க் கட்டுப்பாடாகப் பாலி ஐசி (செயற்கை ஈரிழை ஆர்என்ஏ) வைத்தால் டிரான்ஸ்ஃபெக்ட் செய்யுங்கள், அதாவது செல்லுக்குள் செலுத்துங்கள். ஊடகத்தில் சும்மா ஊற்றினால் அதை டிஎல்ஆர்3 என்ற உணரிப் புரதம் மட்டுமே உணரும். எம்டிஏ5 பாதை சரியாக ஓடுகிறதா என்பது தெரியாது.