துக்கத்தோடு வந்த கிறிஸ்துமஸில் நம்பிக்கை தந்த ஒரு தருணம் – பகிருங்கள்

மூன்றாம் வரிசை
அவர் போய் கொஞ்ச நாளிலேயே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அப்படிப்பட்ட வருஷத்தில் ஆராதனைக்குப் போவது எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பாட எழுந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான அம்மா தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். "நீ பாட வேண்டாம்மா, எங்க போயிட்டிருக்குன்னு மட்டும் பாத்துக்கோ" என்றார். மூன்றாவது சரணத்தில் அவர் குரலும் அடைத்துக்கொண்டது. விரல் மட்டும் நகர்ந்தது. நாங்கள் இருவரும் பாடவில்லை, சபை பாடி முடித்தது. சந்தோஷம் வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என்னால் நம்ப முடியாதபோது எனக்காக நம்ப ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த விரல் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இரவு ஷிப்ட்
அக்கா, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் நர்ஸ், டிசம்பர் 24 இரவு டியூட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒரு பெரியவர், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா 2 வாசிக்கச் சொன்னார். மேய்ப்பர்கள் வரும்வரை கண்ணை மூடியே இருந்தார். "பயப்படாதிருங்கள்" என்று வாசித்ததும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "அங்கேயே நில்லுங்க சிஸ்டர், திரும்ப" என்றார். திரும்ப வாசித்தேன். மறுபடியும் கேட்டார். "மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" அதே வசனத்தில்தான் இருக்கிறது, அங்கே போகவே விடவில்லை. கடைசியில் அவரே "சரி, இப்ப மேல படிங்க" என்றார். முகம் தெளிந்திருந்தது. தூதன் முதலில் பயத்தைத்தான் தொட்டான், சந்தோஷம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் கண்டது அந்தக் கட்டில் பக்கத்தில்.

ஜெபவீரன்
என் அனுபவம் சின்னது. வேலை போன வருஷம், கிறிஸ்துமஸ் இரவில் தனியாக உட்கார்ந்து பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்தேன், பாரம் இறங்கியது.

மூன்றாம் வரிசை சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். "சந்தோஷம் வந்ததா தெரியவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியது காவலில் இருந்தபோது. அது உணர்ச்சி அல்ல, கட்டளை. துக்கத்தில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் காலமான அட்வென்ட்டின் நான்கு ஞாயிறுகளையும் தவறவிடக் கூடாது, நேராக 25ஆம் தேதிக்கு வந்தால் மனம் தாங்காது. ஏசாயா 9, 40 இரண்டையும் வாசியுங்கள். கூட்டம் கஷ்டமென்றால் கடைசி வரிசையில் உட்காருங்கள், ஆனால் வராமல் இருக்காதீர்கள். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1943இல் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் சிறை அறையை அட்வென்ட்டுக்கு ஒப்பிட்டார்: பூட்டிய கதவு, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். காத்திருப்பதும் விசுவாசம்தான்.

ராமாவில் ஒருத்தி
சகோதரரே, பிலிப்பியர் 4:4 எனக்கும் மனப்பாடம். என் மகளை அடக்கம் செய்த வாரத்தில் அதை என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. நோயில் கிடந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகியிருக்கும் என்று அதே பவுல் அதே நிருபத்தில் எழுதுகிறார், 2:27. அதையும் சேர்த்து வாசியுங்கள்.

டிசம்பர் 28, இயேசு பிறந்த காலத்தில் ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளை நினைக்கும் நாள். ஆலயத்தில் ஆளே இல்லை. போதகர் மத்தேயு 2 வாசித்தார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்ற இடத்தில் நிறுத்தினார். விளக்கம் சொல்லவில்லை, அடுத்த வசனத்துக்கு அவசரப்படவில்லை, அப்படியே நின்றார். கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே ஆறுதலடையாத ஒரு தாய் இருக்கிறாள், அவளை யாரும் அழாதே என்று அடக்கவில்லை. அதே அதிகாரத்தில்தான் யோசேப்பு பிள்ளை இயேசுவையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போகிறான். அன்று தப்பிய அந்தப் பிள்ளையும் பின்னால் சிலுவைக்குப் போய்க் கல்லறையில் வைக்கப்பட்டவர். என் மகளை எங்கே விட்டுவந்தேனோ அங்கே அவரும் இருந்திருக்கிறார், அங்கிருந்து எழுந்தும் வந்திருக்கிறார். அழுதுகொண்டேதான் அதை நம்பினேன். வீட்டுக்கு வந்து பசித்துச் சாப்பிட்டேன்.

புதியவன்
இந்த வருஷம் எங்கள் வீட்டில் அப்பா இல்லை. 28ஆம் தேதி ஆராதனை எல்லாச் சபைகளிலும் உண்டா?

ஜெபவீரன்
இல்லை தம்பி. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகளின் நாட்காட்டியில் அந்த நாள் இருக்கிறது. சில சபைகள் டிசம்பர் 21 வாக்கில், வட அரைக்கோளத்தின் மிக நீண்ட இரவையொட்டி, துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே ஓர் ஆராதனை வைக்கிறார்கள். உங்கள் போதகரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள்.