ஆணுறை கிழிந்து 9-ஆம் நாள் எல்லா டெஸ்டும் நெகட்டிவ், நம்பலாமா?

ஒற்றைக்குருவி: உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது, வாய்வழி உறவுக்குப் போடவே இல்லை. 9-ஆம் நாள் எச்ஐவி, விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட்), சிறுநீரில் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினை நோய்களுக்கான டெஸ்ட், எல்லாம் நெகட்டிவ். எரிச்சல், புண், சீழ் எதுவும் இல்லை. இத்தோடு விட்டுவிடலாமா? வழுக்கலுக்கு பேபி ஆயில் தடவியதும் தப்பா?

லேப்மேசை: விடக்கூடாது. 9-ஆம் நாள் ரிப்போர்ட் பெரும்பாலும் பழைய கதையைத்தான் சொல்லும். கிளமிடியா, கொனோரியா பிடிபட 2 வாரம் வேண்டும். எச்ஐவிக்கு, நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் கிட் என்றால் 90 நாள். சிபிலிஸ் புண் வருவதற்கே சராசரியாக 21 நாள் ஆகும், சிலருக்கு 90 வரை இழுக்கும். அந்தப் புண் வலிக்காது, மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறியும் போகும், நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

சிறுநீர் எப்படிப் பிடித்தீர்கள்? சாதாரண யூரின் டெஸ்டுக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிப்போம். இதற்கு நேர்மாறு. குறைந்தது 1 மணி நேரம் அடக்கி வைத்திருந்து, முன்கூட்டிக் கழுவாமல், முதலில் வரும் 20-30 மி.லி. மட்டும் பிடிக்க வேண்டும். கிருமி சிறுநீர்த்தாரையின் சுவரில் ஒட்டிக்கிடக்கும். முதல் பாய்ச்சல்தான் அதை அலசிக்கொண்டு வரும். டப்பா நிறையப் பிடித்தால் நீர்த்துப்போய், இருப்பதும் தெரியாமல் போகலாம். பெண்கள் என்றால் சிறுநீரைவிட யோனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) நல்லது. தொண்டைக்குத் தனி ஸ்வாப். அங்கே இருப்பதைச் சிறுநீர் காட்டாது.

மருந்துப்பெட்டி: பேபி ஆயில்தான் கிழித்திருக்கும். எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களில் வலுவிழந்துவிடும். பெட்ரோலியம் ஜெல்லி, பாடி லோஷனும் அப்படியே. தண்ணீர் சார்ந்த ஜெல் அல்லது சிலிகான் ஜெல் போதும். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு உருட்டுங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுங்கள். பாதுகாப்புக்கு இரண்டு மாட்டுவது வீண் வேலை, ஒன்றோடொன்று உரசிக் கிழியும்.

இனி யாருக்காவது கிழிந்தால்: எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது.

ஒற்றைக்குருவி: முன்னெச்சரிக்கையாக ஒரு அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக் மாத்திரை) போட்டுக்கொள்ளட்டுமா?

லேப்மேசை: வேண்டவே வேண்டாம். கொனோரியா அதற்கு அடங்காத இடங்கள் பெருகிவிட்டன, செஃப்ட்ரையாக்சோன் ஊசிதான். கிளமிடியாவுக்கும் இப்போது முதலில் எழுதுவது டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் 2 வேளை, 7 நாள். அரைகுறையாகப் போட்டால் கிருமி பதுங்கும், அடுத்த ரிப்போர்ட் உங்களை ஏமாற்றும். 15-ஆம் நாள் சிறுநீரும் தொண்டை ஸ்வாபும், 45-இல் ரத்தம், 90-இல் மறுபடி ரத்தம். அதுவரை வழக்கமான துணையோடும் ஆணுறை.

மருந்துப்பெட்டி: பாசிட்டிவ் வந்தால் துணைக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை, இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். கோர்ஸ் முடிந்த மறுவாரமே டெஸ்ட் எடுத்துப் பதறாதீர்கள், செத்த கிருமியின் டிஎன்ஏவும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். 3 மாதம் கழித்துப் பாருங்கள்.