கையுறையில் கட்டைவிரல் அடியில் விழும் ஓட்டையை எப்படி அடைப்பது?

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலம் தொடங்குமுன் வீட்டில் உள்ள நால்வருக்கும் என் கையாலேயே மப்ளரும் கையுறையும் பின்னிக் கொடுத்துவிட வேண்டும் என்று முனைந்திருக்கிறேன். மப்ளரின் ஓரம் முதலில் சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) நேராகவும் அடுத்த கண்ணி எதிராகவும் மாற்றி மாற்றிப் பின்னியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

கையுறைதான் என்னைத் திணறடிக்கிறது. 4 மி.மீ. ஊசிகளில் 40 கண்ணிகளுடன் வட்டமாகப் பின்னி, கட்டைவிரலுக்கான கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து ஒதுக்கி வைத்து, உள்ளங்கைப் பகுதியை முடித்த பின் அவற்றை மீண்டும் ஊசியில் ஏற்றினால், இணையும் இரு மூலைகளிலும் ஒரு மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை விழுகிறது. மகள் அணிந்து பார்த்தபோது அதன் வழியே அவள் தோல் தெரிந்தது. குளிர்காற்றும் அப்படித்தானே புகும்! மூலைக்கு ஒரு கண்ணி கூடுதலாக எடுத்துப் பார்த்தேன், ஓட்டை சிறிதானதே தவிர மறையவில்லை.

கூடுதல் கண்ணியை முறுக்கி எடுக்க வேண்டுமா, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைக்க வேண்டுமா, அல்லது மீந்த நூல் முனையால் உட்புறம் தைத்து மூடுவதே நல்லதா? பின்னிப் பழகியவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். இரண்டாவது கையுறையை மணிக்கட்டு வரை முடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.