பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி, மாற்றிய சஸ்பென்ஷன், டெல்டா ரோடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாபநாசம் ஐகான்

ஃபோர்டு ஐகான் 1.6 காரைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் வாங்கும்போதே முந்தைய ஓனர் லோயரிங் ஸ்பிரிங், அதாவது வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், போட்டு வைத்திருந்தார். ஆட்டத்தை அடக்கும் ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் கம்பெனியில் வந்ததே. பைபாசில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும், அதில் குறையே சொல்ல முடியாது.

பழைய தஞ்சாவூர் - கும்பகோணம் ரோட்டில், எங்கள் ஊர்ப்பக்கம், இடது வளைவு முடிவதற்குள் ஒரு பாலம் வரும். பாலத்தை ஒட்டி ரோடு நாலு விரல்கடை அமுங்கிக் கிடக்கும். சாயங்காலம், எதிரே டவுன் பஸ், என் வேகம் அறுபதுக்குள்தான். வளைவில் வலது பக்கம் ஏற்கெனவே அழுந்தியிருந்தது. அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் ‘டொம்’ என்று ஒரே ஒரு சத்தம். பின்பக்கம் பஸ்ஸைப் பார்த்து ஓர் அடி தள்ளிப்போய்விட்டது. ஸ்டீயரிங்கை நான் அசைக்கவே இல்லை. பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, ஒரு கையை மட்டும் மேலே தூக்கினார். அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஜாக்கி போட்டுப் பார்த்தால் பின் ஷாக் ராடில் பளபளப்பாக இருந்த இடம் இரண்டு விரல் அகலம்தான். அமுங்க மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான். அதற்கு மேல் பம்ப் ஸ்டாப், ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியை வாங்கும் மெத்தை. அதுவும் பாதி உதிர்ந்து போயிருந்தது.

இதே மாதிரி யாருக்காவது ஆகியிருக்கிறதா? வெறும் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். டிராக்கில் ஓட்டும் கதை எனக்கு உதவாது.

திருச்சி ஆர்எஸ்

பாபநாசம் தம்பி, லோயரிங் மேல் பழி போடாதீர்கள். ஷாக் பழசு, ஸ்பிரிங் புதுசு. அதுதான் விஷயம்.

என் வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. தஞ்சாவூர் நாலு வழிச்சாலையில் மேம்பாலத் துண்டுகளுக்கு நடுவே எக்ஸ்பான்ஷன் ஜாயின்டுகள் வரிசையாக வரும் இல்லையா, பழைய ஷாக்கோடு ஒரு தடவை அதில் போனபோது முதல் ஜாயின்டில் ஏறிய ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. மூன்றாவதில் என் பையனின் தலை கூரையில் இடித்தது. பெல்ட் போட்டிருந்தும் இடித்தது. அன்று முடிவெடுத்து நாலு பக்கமும் பில்ஸ்டீன் ஷாக் மாற்றினேன். இந்த வண்டி நாலாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் அடித்தளம் என்பதால் சாமான் கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை. அதே பாலத்தில் இப்போது ஒரே அசைவு, அதோடு சரி.

ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். ஆட்டத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்கின் கடினத்தைக் கூட்டினால் அது திருப்பித் தள்ளும் வேகமும் கூடும், பழைய ஷாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பில்ஸ்டீன்காரர்களே கம்பெனி உயரத்துக்கு பி6, இறக்கிய வண்டிக்கு பி8 என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். பி8-ன் ராடு குட்டை. இறக்கிய வண்டிக்கு அதுதான் பொருந்தும். இதையெல்லாம் செய்யாமல் ஸ்பிரிங் மட்டும் போட்டால் எந்த ஊர் ரோடாக இருந்தாலும் ‘டொம்’தான்.

மன்னார்குடி லான்சர்

நான் ஸ்பிரிங் பக்கமே போகவில்லை. வண்டி திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர், வயதுக்கு ஏற்ப ரப்பர் எல்லாம் வெடித்திருந்தது. சக்கரத்தை வண்டியோடு கோக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் இணைப்பு) முழுக்க ஒரிஜினலே வாங்கி வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் மாற்றினேன்.

தை மாதம். திருத்துறைப்பூண்டி ரோட்டில் பாதி ரோட்டுக்கு நெல் காய்கிறது, சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். எதிரே அறுவடை மிஷின் ஏற்றிய லாரி. இடது சக்கரங்களை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். தார் விளிம்பிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’. மறுபடி ஏறும்போதும் ‘டக்’. புது புஷ், அதற்குள் சத்தமா?

மன்னார்குடியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினார். ‘படக்’கென்று ஒரு சத்தம் வந்தது. புஷ்ஷின் உள் குழாய் தானாகவே சுற்றிக்கொண்டு நின்றது. நானும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். “பாத்தீங்களா தம்பி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டாங்க” என்றார்.

இந்த ரப்பர் புஷ் உருளாது, முறுக்கித்தான் கொடுக்கும். தொங்கவிட்டு இறுக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே அது முறுக்கிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு பள்ளம், கிழிந்துவிடும். பாபநாசம், உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள்.

நாகை உப்புக்காற்று

என்னுடையது சின்னக் கதை. வேளாங்கண்ணியிலிருந்து ராத்திரி திரும்பி வரும்போது வேகத்தடையில் ‘கணீர்’ என்று உலோகச் சத்தம். இறங்கி டார்ச் அடித்தால் முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து, அதன் நுனி டயரின் உள்பக்கச் சுவருக்கு நேரே நிற்கிறது. விரலை நுழைத்துப் பார்த்தேன், விரல் போகவில்லை. அங்கிருந்து நாகை வரை இரண்டாவது கியரிலேயே வந்தேன். மனைவி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்பிரிங்கின் பெயின்ட் உரிந்த இடத்தில் கடல்காற்று துருவைப் பிடிக்கவைக்கிறது, அந்தத் துருக்குழியிலிருந்து வெடிப்பு ஆரம்பிக்கிறது. ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் கிண்ணத்தில் சேறும் தண்ணீரும் தங்குவதால் அடிச்சுற்றுதான் முதலில் போகும். கடலோரத்துக்காரர்கள் பழைய வண்டியை வாங்கினால் எந்த பிராண்டு ஸ்பிரிங் என்று கேட்பதற்கு முன் அடிச்சுற்றைத் துடைத்துப் பாருங்கள்.

குடந்தை ஸ்டார்ம்

சித்தப்பாவின் சான் ஸ்டார்ம். கோவாவில் செய்த இரண்டு சீட் வண்டி, பைபர் பாடி, ரெனோ 1.2 இன்ஜின். தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன் ஸ்பிரிங் சோர்ந்துபோய், யாரோ ஒரு பெரிய செடானின் ஸ்பிரிங்கை ‘ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்’ என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். பார்க்க முரட்டுத்தனமாக நின்றது.

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி ஏறும் இடத்தில் ஒரு மேடு. நான் ஓட்டுகிறேன், சித்தப்பா பக்கத்தில். மேட்டில் ஏறிய நொடியில் ஸ்டீயரிங் கையில் காற்றாகிவிட்டது. பிடிமானம் என்பதே இல்லை. சக்கரம் மறுபடி தரையைத் தொட்டதும் வண்டி ஒரு முழ அகலம் இடது பக்கம் பிடுங்கியது. சித்தப்பா டேஷில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு “நிறுத்துடா” என்றார்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தோம். நெல் லாரி எடை போடும் எடை மேடையில் முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று தனித்தனியாக எடை எடுத்தோம். சக்கரம், பிரேக் எடையைக் கழித்தோம். கணக்கு கஷ்டமில்லை. வண்டி நொடிக்கு 1.3 முறை ஆட வேண்டுமென்றால் ஸ்பிரிங் தன் பங்கு எடையில் சுமார் 15 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். நொடிக்கு இரண்டு முறை என்றால் 6 சென்டிமீட்டர்தான் அமுங்கும், அது டிராக் வண்டிக்குச் சரி. அந்த செடான் ஸ்பிரிங் இந்த லேசான வண்டியில் அமுங்கவே இல்லை, கட்டைவண்டியில் உட்கார்ந்த மாதிரிதான். அமுங்காத ஸ்பிரிங்குக்கு மேட்டில் விரிந்து சக்கரத்தைக் கீழே விடவும் இடமிருக்காது. கோயம்புத்தூரில் அளவு கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கினோம்.

திருச்சி அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ‘எந்த ஊர் ரோடாக இருந்தாலும்’ என்கிறீர்கள். ரோடு ரோடாக வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நாலு வழிச்சாலை வேறு, எங்கள் ஆற்றோர ரோடு வேறு.

திருவாரூர் பழைய பிட்டர்

பஸ் டிப்போவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நடந்தது இரண்டு வரிதான். மருமகனின் ஹூண்டாய் ஆக்சென்டில் ஸ்பிரிங் சுற்றை அறுத்து இறக்கியிருந்தார்கள். வலங்கைமான் பக்கம் கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் தாரைக் கொத்திப்போட்ட ரோட்டில் போகும்போது பின்பக்கம் ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு நழுவிக் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. கைப்பிள்ளை வண்டிக்குள் இருந்தது.

இனி கேளுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

நம் ஊர் மண் களிமண். தண்ணீர் வந்தால் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரை ரோடு ஓர் உயரம், பங்குனி சித்திரையில் இன்னோர் உயரம். பாலமும் மதகும் அஸ்திவாரத்தில் நிற்பதால் அமுங்காது, அதை ஒட்டிக் கொட்டிய மண் மட்டும் அமுங்கும். அதனால்தான் ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பள்ளம். டெல்டாவில் மைலுக்கொரு ஆறு, வாய்க்கால். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, பாமணி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இந்த ரோட்டில் வண்டிக்கு முதலில் வேண்டியது சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம். அதைப் பறித்துவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் பயனில்லை. திருச்சி சார், உங்கள் பி8 நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது குறைந்த இடத்துக்குள் அடக்குகிற சாமான். இடத்தைத் திருப்பிக் கொடுக்காது.

வேகத்தடையும் அப்படித்தான். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கு. நம் ஊராட்சி ரோட்டில் அந்த உயரத்தை ஒரு முழ அகலத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சுற்றை அறுப்பதைப் பற்றி. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சக்கரம் மேலே போக இருக்கும் இடமோ அதைவிடப் பெரிய பங்கு குறையும். ஆக வண்டி பம்ப் ஸ்டாப்பிலேயே உட்காரும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கழன்றுவிடும். மருமகன் வண்டியில் நடந்தது அதுதான். எந்தப் பட்டறையில் அறுக்கலாம் என்று சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியை இறக்கினால் லோயர் ஆர்மின் வெளி முனை மேல் நோக்கிப் போய்விடும். வண்டியின் பார மையம் இரண்டு விரல் இறங்கினால் அது சாய்கிற மையம் அதைவிட அதிகமாக இறங்கும். அதனால் ஸ்பிரிங்கைக் கடினமாக்காமல் இறக்கிய வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகவே சாயும். பாபநாசம் தம்பி வண்டியின் வலது பக்கம் அவ்வளவு அழுந்தியதற்கு இதிலும் ஒரு பங்கு உண்டு.

வேலையை டயரிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி அதிகம் ஓடாது, பட்டன் தேயாமலே டயர் கல்லாகிக் கிடக்கும். அப்புறம் புஷ், பால் ஜாயின்ட் (ஆர்ம் முனையின் உருண்டை மூட்டு), டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல் பிடிமானம்). மன்னார்குடியில் அந்தப் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. பாலியூரிதேன் புஷ் போட ஆசைப்படுகிறவர்கள் கிரீஸ் வைக்க அலுக்கக் கூடாது. சேறும் மண்ணும் புகுந்தால் கிறீச்சிடும். ரோட்டுக்கு ஒரிஜினல் ரப்பரே நல்லது. அதற்கப்புறம் கம்பெனி உயரத்துக்கான நல்ல ஷாக், ஜோடியாக. கோனி மஞ்சள் (இறுக்கத்தைத் திருகி மாற்றக்கூடிய ஷாக்) கிடைக்கிற வண்டி என்றால் விரியும் பக்கத்தை முழுக்க இறுக்கிவிடாதீர்கள். கேஜ் வீல் ரோட்டில் ஷாக் விரிவதற்குள் அடுத்த மேடு வந்து, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். கடைசியாக அலைன்மென்ட். உயரத்தில் கை வைத்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கட்டாயம் மாறும்.

15 வருஷம் ஆன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் வண்டியைக் காட்ட வேண்டும், அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் சொல்லியிருக்கிறது. தாழ்ந்து நிற்கும் வண்டி அங்கே கேள்விக்கு உள்ளாகும்.

திருச்சி ஆர்எஸ்

பிட்டர் ஐயா, இடம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் வண்டி அதே பாலங்களில் ஓடுகிறது, மாதா மாதம் மாயவரம் போகிறேன், ‘டொம்’ வந்ததில்லை. நல்ல பம்ப் ஸ்டாப் படிப்படியாக இறுகும். ஐகானில் அது உதிர்ந்திருந்தது. அதை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் பேசுவது சரியில்லை.

பாபநாசம் ஐகான்

அண்ணே, உதிர்ந்ததற்கு என்ன காரணம்? நாள் முழுக்க அதன் மேலேயே வண்டி உட்கார்ந்திருந்ததுதான். கம்பெனி உயர ஸ்பிரிங், நாலு ஷாக், டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப் எல்லாம் வாங்கச் சொல்லிவிட்டேன். மன்னார்குடி அண்ணன் அந்தப் பெரியவரின் பட்டறை எங்கே என்று தனியாகச் சொல்லுங்கள், புஷ் வேலையை அவரிடமே கொடுக்கிறேன்.

பட்டுக்கோட்டை மழை

சண்டையை விடுங்கள், அளந்து பார்க்கலாம். ஷாக் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே உடம்போடு ஒட்டித் தள்ளி வையுங்கள். உங்கள் வழக்கமான ரோட்டில் போய்விட்டு வந்து அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் இடம் போதவில்லை. நான் செய்தபோது பின் இடது பக்கம் மட்டும் முழுக்க ஏறியிருந்தது. அந்தப் பக்கத்து ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தது, ஓட்டும்போது தெரியவே இல்லை. பாபநாசம், பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் ஒன்று, புதுசு போட்டபின் ஒன்று, அதே பாலத்தில் பார்த்து இரண்டு அளவையும் இங்கே போடுங்கள். திருச்சி அண்ணனும் மாயவரம் போகும்போது கட்டிப் பார்க்கட்டும்.