திரைச்சீலை கட்டப் பழைய பட்டுக்கரை: யோசனை சொல்லுங்கள்

கூடத்து ஜன்னல் திரைச்சீலைகளை ஒதுக்கிக் கட்ட அலங்காரப் பட்டைகள் வேண்டும். கடையில் கேட்கும் விலைக்கு இன்னொரு திரையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது! அம்மாவின் நைந்த பட்டுப்புடவையில் சரிகைக்கரை மட்டும் இன்னும் பளபளக்கிறது. அதை 4 அங்குல அகலத்தில் வெட்டி, உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்து, இரு முனையிலும் பழைய உலோக வளையல் கோக்க எண்ணியிருக்கிறேன். (கண்ணாடி வளையல் அழகுதான், ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறது.)

வெட்டிய இடத்தில் சரிகை இழை பிரியாமல் இருக்க என்ன செய்வது? இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் நல்லதா, சூட்டில் சரிகை சுருங்கிவிடுமா?

வாடகை வீடு என்பதால் சுவரில் துளையிட முடியாது. ஒட்டும் கொக்கி கனமான திரையைத் தாங்குமா? ஜன்னல் கம்பியிலேயே கட்டியவர்கள் படம் போடுங்கள். சணல் கயிறு மட்டும் வேண்டாம். எங்கள் பூனை அதை விட்டுவைக்காது.