காணாம போன தக்காளி

ரவி மாமா: ராக்கெட் ரிப்பேராகி ஒருத்தரு ஒரு வருஷம் விண்வெளியிலயே மாட்டிக்கிட்டாராம். டிப்போ குரூப்ல வந்துச்சு. நெசமா @கார்த்தி

கார்த்தி: நெசம்தான் மாமா. ஃப்ராங்க் ரூபியோ, நாசா ஆளு. 2022 செப்டம்பர்ல ஆறு மாசம்னுதான் விண்வெளி நிலையத்துக்குப் போனாரு. டிசம்பர்ல அவரும் கூட இருந்தவங்களும் போன சோயுஸ்ல (ரஷ்ய விண்கலம்) ஓட்டை விழுந்து, சூட்டத் தணிக்கிற கூலன்ட் பீச்சியடிச்சிருச்சு. துளியூண்டு விண்கல் பட்டிருக்கும்னு ரஷ்யாக்காரங்க சொன்னாங்க

கார்த்தி: அதுலயே இறங்குனா உள்ள சூடு ஏறிடும். அதனால 2023 பிப்ரவரில ஆளில்லாம வேற சோயுஸ் அனுப்புனாங்க

செல்வி சித்தி: அப்பவே ஏறி வந்திருக்கலாம்ல

கார்த்தி: அது அடுத்த டீமோட வண்டி சித்தி. அத இவங்களுக்குக் குடுத்ததால அந்த டீம் செப்டம்பர்லதான் போச்சு. அதுவரைக்கும் இவங்களேதான் வேல பாக்கணும். மொத்தம் 371 நாள்

ரவி மாமா: ரிலீவர் வரலன்னா டபுள் டூட்டி. எங்க பொழப்புதான் 😂

செல்வி சித்தி: புள்ளகுட்டி இருக்கா அவருக்கு?

கார்த்தி: நாலு பேரு. ஒரு வருஷம்னு முன்னாடியே சொல்லியிருந்தா அநேகமா மாட்டேன்னிருப்பேன்னு அவரே சொன்னாரு

செல்வி சித்தி: பாவம் 😔

மீனா: தக்காளி கதைய சொல்லுடா!!

கார்த்தி: ஆமா. அங்க குட்டித் தக்காளிச் செடி வளத்தாங்க. பறிச்சதுல அவரு பங்க பைல போட்டு வெல்க்ரோல ஒட்டி வச்சிட்டுப் போனாரு. வந்து பாத்தா காணோம்

ரவி மாமா: கதவத் தொறந்து வெளிய போயிருக்குமோ

மீனா: மாமா 🤦‍♀️

கார்த்தி: மணிக்கணக்கா தேடியும் கெடைக்கல. நீதான் தின்னுட்டன்னு எல்லாரும் ஓட்டுனாங்க. அவர் இறங்கி ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர்ல, மேல இருந்தவங்க அறிவிச்சாங்க: தக்காளி கெடைச்சிருச்சு, ரூபியோ மேல தப்பில்லன்னு 😄

செல்வி சித்தி: அடக்கடவுளே. அழுகிப்போயிருக்குமே

கார்த்தி: இல்ல சித்தி, பூஞ்சகூட புடிக்கல. காஞ்சு நசுங்கி, நெறம் மட்டும் மாறியிருந்துச்சாம்

ரவி மாமா: எறங்குனதும் நடக்க முடிஞ்சுதா? ஒரு வருஷமா கால் ஊனலையே

கார்த்தி: தூக்கிட்டுதான் வந்தாங்க. மொத சில நாள் உள்ளங்காலும் இடுப்பும் வலிக்கும்னாரு. இத்தனைக்கும் மேல தினம் ரெண்டு மணி நேரம் எக்சர்சைஸ் உண்டு. செய்யலன்னா எலும்பு தேஞ்சிரும்

செல்வி சித்தி: ரவி அண்ணே கேட்டுக்கிட்டீங்களா, ரெண்டு மணி நேரம்

ரவி மாமா: டூட்டிக்கு நேரமாச்சு 🏃

மீனா: அம்மாச்சி பக்கத்துல இருக்காங்க. காஞ்ச தக்காளிய குழம்புல போட்டாங்களான்னு கேக்குறாங்க